விமானத்தளத்தின் வாயிற்காவல்

(புளியறையில் கூடிய நம் சங்கக் குடும்பங்களின் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேசப் புகுந்த பொருள் தமிழாசிரியன் ஒருவன் பேசுதற்குரியதன்று என்று உங்களிற் சிலர் கருதக்கூடும். சிலம்பும் மேகலையும் பேச வேண்டியவன் விமானத்தளத்தின் காவலைப் பற்றிப் பேசுவானேன் என்று காரியதரிசியவர்களே முதலில் வியந்தார்கள். ஆயினும், நம் சங்கத்துக் குடும்பங்களுள் மகனையோ மருமகனையோ பட்டாளத்திற்கு அனுப்பாதவை சிலவே. அன்றியும், இப்பொருளை இன்றே பேசுதற்கு நம் சங்கத்தின் அலுவலைச் சார்ந்த காரணம் ஒன்றும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

நம்மிடையே எண்பது கடந்த பெரியவர் ஒருவர் இருக்கின்றார். 1962 ஆம் ஆண்டுச் சீனப் போரின்போது விமானப்படையிற் சேர்ந்து, விமானங்களைப் பழுதுபார்க்குந் தொழிலிற் பயின்று, 15 ஆண்டு ஊழியம் புரிந்து ஓய்வு பெற்றவர். அவர் சொல்லக் கேட்டனவற்றையே யான் பெரும்பாலும் ஈண்டுக் கூறப்போகின்றேன். தம் பெயரைச் சொல்லலாகாது என்னும் ஒரே நிபந்தனையோடு அவர் இசைவு தந்தார். ஊழியம் விட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டு சென்ற பின்னும் இந்நிபந்தனை எதற்கு என்று வினவினேன். "பழக்கம், தம்பி" என்றார்.

காவல் என்பது நம் ஊருக்குப் புதிதன்று. தில்லைக் கூத்தப்பெருமானின் திருமேனியைப் பகைவர்க்கஞ்சிப் புளியமரப் பொந்தொன்றில் மறைத்துக் காத்தனர் என்றும், அப்புளியாலேயே இவ்வூர் புளியறை ஆயிற்று என்றும் நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சரித்திர ஆராய்ச்சியாளர் இதனை ஏற்பரோ மறுப்பரோ, அது வேறு. தன் பெயருக்கே மறை காத்த கதையொன்றைச் சொல்லும் ஊர் நம்முடையது. அன்றியும் நாம் எல்லையூரார். 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை இச்செங்கோட்டைப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சார்ந்திருந்தது. அதன்பின் மாநில எல்லை நம் ஊர்ப்பக்கம் வந்தது; சோதனைச் சாவடியும் வந்தது. மலையேறும் லாரி நின்று சீட்டுக் காட்டிச் செல்வதை நாம் பிள்ளைப் பருவந்தொட்டுக் கண்டிருக்கின்றோம். சாவடியிலிருப்பவர் தெரிந்தவராயின் கையசைத்துவிட்டுச் செல்வதையும் கண்டிருக்கின்றோம். இக்கையசைப்பை நினைவில் வையுங்கள்.

விமானத்தளம் என்பது ஒரு மதிலும் ஒரு வாயிலும் மட்டும் உடையதன்று. நம் கோயில்களின் பிராகாரம் போல அஃது ஒன்றனுள் ஒன்றாக அமைந்தது. புறவாயிலைக் கடந்தால் குடியிருப்பும் உணவுக்கூடமும் பிள்ளைகள் பயிலும் பள்ளியும் கடைகளும் இருக்கும். அதற்கும் உள்ளே விமானங்கள் நிற்கும் பகுதி. அதற்கு வேறு வாயில், வேறு அனுமதிச் சீட்டு. அதற்கும் அப்பால் வெடிமருந்தும் எரிபொருளும் வைக்கும் இடம்; அங்கே செல்வோர் தீப்பெட்டியையும் பீடியையும் வாயிலிலேயே கொடுத்துவிடல் வேண்டும். ஒரு வாயிலின் சீட்டு மற்றொரு வாயிலிற் செல்லாது. சீட்டில் நிழற்படமும் எண்ணும் கையொப்பமும் உண்டு. குலம் எழுதும் இடம் அதில் இல்லை என்பதனை, குலத்தின் பெயரால் கூடியிருக்கும் இவ்வவையில் யான் சொல்லாமல் விடுவது முறையாகாது.

பெரியவர் பஞ்சாபிலுள்ள பதான்கோட்டுத் தளத்திற்கு 1965 ஆம் ஆண்டில் மாற்றப்பெற்றார். அவருடைய அறையில் உடனிருந்தவர் நம் சங்கரன்கோவிற் பக்கத்தார் ஒருவர். இருவரும் ஒரு பானைச் சோறுண்ட நண்பர். வீட்டிலிருந்து பருப்புப் பொடி வந்தால் பாதி இவர்க்கு, பாதி அவர்க்கு. ஒருநாள் இரவு உள்வாயிலிற் காவல் முறை அந்நண்பருக்கு வாய்த்தது. பெரியவர் அன்றிரவு வேலைக்குச் செல்லுங்கால் சீட்டை வேறொரு சட்டையில் வைத்து மறந்துவிட்டார். சென்றவரை நண்பர் நிறுத்தினார். "ஏ, நான்தாம்லே!" என்றார் இவர். "நீதாம்னு தெரியும்லே. சீட்டு எங்கே?" என்றார் அவர். ஒரு மணி நேரத்திற்கு முன்னர்த்தான் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்டிருக்கின்றனர். நண்பர் இரங்கவில்லை. காவலறைக்கு ஆள் போய், பொறுப்பதிகாரி வந்து, பெயரேட்டைப் பார்த்து உறுதி செய்யும் வரை இரண்டு மணி நேரம் இவர் குளிரில் விளக்கின்கீழ் நிற்க நேர்ந்தது. மறுநாள் நண்பர் மன்னிப்புக் கேட்கவுமில்லை, இவர் எதிர்பார்க்கவுமில்லை. "எனக்கு வந்த கோபமெல்லாம் என் சட்டை மேலேதான்" என்றார் பெரியவர்.

இச்செய்தியை அவர் சொல்லியபோது யான் ஒன்று கேட்டேன்: தெரிந்தவனை நிறுத்துவதால் யாருக்கு என்ன பயன்? அவர் சொன்ன மறுமொழி இது. தெரிந்தவனே பணத்திற்காகவோ அச்சத்தாலோ மாறியிருக்கலாம்; அவனுடைய வேலை நேற்றே நீக்கப்பட்டிருக்கலாம்; அவன் பின்னால் வேறொருவன் துப்பாக்கியோடு வருதலுங் கூடும். காவல் நிற்பவன் இவற்றுள் எதனையும் முகத்தைப் பார்த்து அறிய முடியாது. ஆகையால் முகத்தைப் பார்த்து விடுவதில்லை என்பதே அங்கே முதற்பாடம். நம் சாவடியின் கையசைப்பை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகவே.

நிற்க. காவல் என்றவுடன் துப்பாக்கி ஏந்திய ஆளே நம் மனத்தில் தோன்றுகின்றான். பெரியவர் நினைவில் நிற்பதோ வேறு. விமானம் ஒன்றைப் பழுதுபார்த்து முடித்தவுடன் கருவிகளை எண்ணுவார்களாம். ஒவ்வொரு திருப்புளிக்கும் முடுக்கிக்கும் பலகையில் அதனதன் வடிவம் வரைந்திருக்கும். மாலையில் எவ்வடிவம் காலியாக உள்ளதோ அக்கருவி எங்கேயென்று விடை கிடைக்கும் வரை அவ்விமானம் பறக்காது. ஒருமுறை சுண்டுவிரற் பருமனுள்ள ஒரு திருப்புளி காணாமற்போயிற்று. இரவு முழுதும் எண்மர் கைவிளக்கோடு விமானத்தின் வயிற்றையும் தரையையும் தடவினர். விடியற்காலையில் ஒருவருடைய காலுறைக்குள் அஃது அகப்பட்டது. சிரிக்கின்றீர்கள், அவர்களும் அப்போது சிரித்தார்களாம். ஆனால், அது விமானத்தின் விசைக்கம்பிகளுக்கிடையே கிடந்திருந்தால் வானத்தில் ஓர் உயிர் போயிருக்கும். அதனைத் தவறவிட்டவன் பகைவன் கையாளா, கவனமற்றவனா என்று கம்பி பார்ப்பதில்லை.

அவ்வாறே கழிவுத் தாள்களும். எழுதிக் கிழித்த தாள் குப்பைக்கூடைக்குப் போகாது; இருவர் முன்னிலையிற் கொளுத்திச் சாம்பலைக் கலைத்துவிடுவர். பெருக்குபவர் முதல் தளபதி வரை இதற்கு விலக்கில்லை. ஓய்வு பெற்று ஊர் வந்த பின்னும் பெரியவர் மளிகைக்கடைச் சீட்டைக்கூடத் துண்டு துண்டாகக் கிழித்தெறிவாராம். அவர் மனைவியார் இதனைச் சொல்லி இன்றும் நகைப்பதுண்டு.

இனி 1965 ஆம் ஆண்டுச் செப்டம்பர்த் திங்களுக்கு வருவோம். அத்திங்கள் 6 ஆம் நாள் மாலை பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் பதான்கோட்டைத் தாக்கின. தரையில் நின்ற நம் விமானங்கள் பல எரிந்தன. அக்காலத்திற் புதியனவாக வந்திருந்த மிக்-21 விமானங்கள் இரண்டும் அவற்றுள் அடங்கும். பெரியவர் அப்போது பதுங்குகுழியில் முகங்குப்புறக் கிடந்தார். அவ்விரவே மற்றொரு சூழ்ச்சியும் நடந்தது. பதான்கோடு, ஆதம்பூர், ஹல்வாரா என்னும் மூன்று தளங்களையும் உள்ளிருந்தே அழித்தற்பொருட்டு, தளத்துக்கு அறுபதின்மர் வீதம் ஏறக்குறைய 180 அதிரடி வீரரைப் பாகிஸ்தான் பாராசூட்டில் இறக்கியது. இறங்கியவர்கள் இருளில் சிதறிப் போயினர். மக்காச்சோளக் கொல்லைகளிலும் கரும்புத் தோட்டங்களிலும் ஒளிந்தவர்களை அடுத்த நாட்களிற் படையினரும் போலீசாரும் தேடிப் பிடித்தனர். கையில் தடியோடு தேடிச் சென்ற உழவர்கள் அவர்களுக்குத் துணை நின்றனர். தம் கொல்லையில் நேற்றில்லாத காலடி எது என்று உழவனைவிட நன்கறிவார் யார்? தளத்தினுள் புகுந்து விமானம் ஒன்றையும் அவர்களால் அழிக்கக் கூடவில்லை.

அவ்விரவைப் பற்றிப் பெரியவர் சொன்ன செய்தி ஒன்று. தளமெங்கும் விளக்கணைத்திருந்தனர். அன்றைய அடையாளச் சொல் மாலையில் ஒன்றாயிருந்தது, நள்ளிரவுக்கு முன் மற்றொன்றாக மாற்றப்பட்டது. யாரேனும் அசைந்தால், "தம்! கௌன் ஆத்தா ஹை?" என்று காவலாளி கூவுவான்; நில், யார் வருவது என்பது பொருள். உரிய மறுமொழி வாராவிடின் சுடலாம் என்பது ஆணை. சமையற்கூடத்தில் வேலை பார்த்த தமிழர் ஒருவர், இந்தி நன்கறியாதவர், நீர்க்குடத்தோடு இருளில் வந்துகொண்டிருந்தார். காவலாளி கூவினான். இவருக்கு அடையாளச் சொல் மறந்துவிட்டது, நாவும் எழவில்லை. குடத்தைப் போட்டுவிட்டு, "யய்யா, நாந்தான்! சோத்துக்காரன்!" என்று தமிழிற் கதறினார். காவலாளி ஒரு சீக்கியர், தமிழ் அறியாதவர். அவர் சுடவில்லை. ஆனால் அருகில் வரவும் விடவில்லை. தரையில் குப்புறப் படுக்கச் செய்து, பொழுது விடிந்து முகந்தெரியும் வரை துப்பாக்கியைத் திருப்பாமல் நின்றார். விடிந்தபின் இருவரும் கட்டித் தழுவி அழுதனராம். அதன் பிறகு பெரியவரும் நண்பரும் அங்கிருந்த தமிழர் அனைவர்க்கும் ஒவ்வொரு மாலையும் அன்றைய சொல்லைப் பத்து முறை சொல்லச் செய்வது வழக்கமாயிற்று. அஃது ஒரு வகைத் திண்ணைப்பள்ளி.

கடிதங்களின் கதை தனிக்கதை. படைவீரர்க்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயர் இராது. பெயர், எண், படைப்பிரிவு, அதன்பின் "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்றிருக்கும். அவ்வளவே. மகன் இமயத்தில் இருக்கின்றானோ பாலைவனத்தில் இருக்கின்றானோ, தபால்காரர்க்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. பெரியவருடைய அன்னையார் எழுத்தறியாதவர். பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கொண்டு, "எய்யா, நீ இருக்குற ஊரு எந்தத் திசையில இருக்கு? எந்தப் பக்கம் பாத்துக் கும்பிடணும்?" என்று எழுதுவித்தார். இவர் அதற்கு விடை எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் அம்மையார் வேறு வழியிற் புகுந்தார்: "அங்கே குத்தாலச் சாரல் மாதிரி மழை உண்டா?" இவர், "மழை உண்டு, குளிரும் உண்டு, சோறும் உண்டு" என்று மட்டும் எழுதினார். போர் முடிந்து விடுமுறையில் வந்தபோதுதான், வடக்குப் பார்த்துக் கும்பிட்டால் போதும் என்று வாயாற் சொன்னார். இதனைச் சொல்லுங்கால் அவர் குரல் சற்றுத் தழுதழுத்தது. ஒரு சொல் எழுதியிருந்தால் அம்மையார் ஓராண்டு நிம்மதியாக உறங்கியிருப்பார். எழுதாமல் இருந்தது எளிதன்று. இக்காவலுக்கு வாயிலிற் சுடப்பட நின்ற சோற்றுக்காரர் கொடுத்த விலையை அறிந்தோம். வீட்டிலிருந்த தாய் கொடுத்த விலையை யார் கணக்கிட்டார்?

பண்டை நூல்களிலும் காவலின் நுட்பம் உண்டு. மதுரைக் கோட்டை வாயிலில் வாளேந்திய யவனர் காவல் நின்றதைச் சிலப்பதிகாரம் கூறும். மதில் மேல் வைத்த பொறிகளையும் அடைக்கலக் காதை வரிசையாக எடுத்துரைக்கும். நள்ளிரவில் ஊர் காக்கும் காவலரின் கூர்மையை மதுரைக்காஞ்சி வருணிக்கும். வள்ளுவர் அரணுக்கு ஓரதிகாரம் வகுத்தார். உயரமும் அகலமும் திண்மையும் பகைவர் நெருங்கற்கருமையும் எல்லாம் சொல்லி வந்தவர், அதிகாரத்தின் கடைசிக் குறளில், எத்துணை மாட்சியுடைய அரணாயினும் செயலில் மாட்சி இல்லாதாரிடத்து அஃது அரணே அன்று என்னும் பொருளை வைத்தார். இக்குறளுக்கு உரை சொல்லும்போதெல்லாம் என் மாணவர்க்கு யான் காட்டும் உதாரணம் பதான்கோடே.

2016 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் விடியற்பொழுதில் அதே தளத்தினுட் பயங்கரவாதிகள் தாக்குதல் நடத்தினர். உயர்ந்த சுற்றுமதில் இருந்தது, விளக்குகள் இருந்தன, தாக்குதல் வரலாம் என்னும் எச்சரிக்கையும் முன்னரே வந்திருந்தது. அவ்வாண்டு மே மாதம் பாராளுமன்ற நிலைக்குழு ஒன்று அளித்த அறிக்கை, சுற்றுமதிலின் காவல் வலுவற்றிருந்தது என்றும், மதிலையொட்டிச் சுற்றிவரப் பாதை இல்லை என்றும், அடர்ந்த மரஞ்செடிகள் ஒளிவதற்கு இடந்தந்தன என்றும் குறை கூறியது. எழுவர் வீரமரணம் எய்தினர். அவருள் ஐவர் பாதுகாப்புக் காவற்படையினர். இப்படையைப் பற்றி நம்மவர் நன்கறிவர். ஓய்வு பெற்ற சிப்பாய்கள் மீண்டும் சேரும் படை இது. 1947 இல் மதுராவில் தொடங்கப்பெற்று இன்று கண்ணூரில் தன் மையத்தைக் கொண்டது. பென்ஷன் வாங்கியபின் இரண்டாம் முறை காக்கி உடுத்தவர் நம் தென்காசிப் பக்கத்திலும் உளர். அன்று வீழ்ந்தோருள் ஜகதீஷ் சந்த் என்பவர் உணவுக்கூடத்தில் காலையுணவு வேலையில் இருந்தார். கையில் ஆயுதம் இல்லை. வெறுங்கையோடு ஒருவனைத் துரத்திப் பிடித்து, அவன் துப்பாக்கியைப் பறித்து அவனையே சுட்டு வீழ்த்தியபின் மற்றவர் குண்டுக்கு இரையானார். அவர்க்குக் கீர்த்தி சக்கரம் வழங்கப்பெற்றது. வள்ளுவர் சொன்ன செயல்மாட்சி அன்று மதிலிடம் இல்லை, சமையற்கூடத்தில் இருந்தது.

பகைவர் மதிலேறி வரவேண்டிய காலமும் மாறிவிட்டது. 2021 ஆம் ஆண்டு ஜூன் 27 இல் ஜம்மு விமானப்படைத் தளத்தின்மேல் சிறு டிரோன்கள் பறந்து வந்து இரண்டு குண்டுகளைப் போட்டன. 2025 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் உக்ரேன் நாட்டார் செய்தது இன்னும் வியப்பு. மரத்தாற் செய்த சிறு வீடுகள் போன்றவற்றை லாரிகளில் ஏற்றி, அவற்றின் கூரைக்குள் டிரோன்களை மறைத்து, ருஷ்ய நாட்டின் நெடுஞ்சாலைகளில் அனுப்பினர். லாரிகள் விமானத்தளங்களுக்கு அருகில் வந்து நின்றன, கூரை திறந்தது, டிரோன்கள் எழுந்து சென்று குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கின. அவற்றுள் ஒரு தளம் சைபீரியாவில், போர்முனையிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கப்பால் உள்ளது. தளத்தின் காவல் எவ்வளவு கடுமையாயினும், வழியிலுள்ள சாவடிகளுள் எதிலேனும் அக்கூரையை ஒருவர் திறந்து பார்த்திருந்தால்! இப்புளியறையில் அமர்ந்துகொண்டு இதனைச் சொல்லுங்கால், மலைப்பாதையிற் செல்லும் லாரிகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. இம்மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் 1984 முதல் விமானப்படையின் தென்பிராந்தியத் தலைமையகம் உள்ளது. இப்பால் தஞ்சையிலும் சூலூரிலும் போர்விமானங்கள் நிற்கின்றன. எல்லை வடக்கே இருக்கிறது, நமக்கென்ன என்றிருத்தற்கில்லை.

டிரோனைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. அஃது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கின்றது. 2018 ஆம் ஆண்டு ஜனவரியில், ஓடுவோரும் சைக்கிளிற் செல்வோரும் தம் தூரத்தை அளத்தற்குப் பயன்படுத்தும் ஸ்திராவா என்னும் செயலி வெளியிட்ட உலகப் படத்தில், பாலைவனங்களின் நடுவே ஒளிக்கோடுகள் தெரிந்தன. ஆராய்ந்தபோது, இராணுவ முகாம்களில் வீரர்கள் காலையில் ஓடிய வழிகளே அவை என்று புலனாயிற்று. ஒற்றன் ஒருவன் ஓராண்டு அலைந்து வரையவேண்டிய படத்தை, உடற்பயிற்சி செய்தவர்களே வரைந்து கொடுத்துவிட்டனர். அடுத்த மாதமே டில்லியில் நம் விமானப்படை அதிகாரி ஒருவர், முகநூலில் பெண்பெயர் பூண்டு பழகியோர்க்கு மறைச்செய்திகளை அனுப்பினார் என்று குற்றஞ்சாட்டப்பட்டுக் கைதானார். 2019 டிசம்பரிற் கடற்படை தன் கப்பல்களிலும் தளங்களிலும் அத்தகைய கைப்பேசிகளைத் தடுத்தது. 2020 ஜூலையில் தரைப்படை முகநூல் உட்பட 89 செயலிகளைத் தன் வீரர் நீக்கிவிட வேண்டுமென்று ஆணையிட்டது. 1923 ஆம் ஆண்டின் அரசாங்க இரகசியச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கின்றது. படைத்தளங்களைப் பற்றி ஒற்று வேலை செய்வோர்க்கு 14 ஆண்டு வரை சிறை விதிப்பது அது.

2025 மே மாதத்தில் நடந்தவற்றை நீங்கள் மறந்திரீர். 7 ஆம் நாள் முதல் 10 ஆம் நாள் வரை மேற்கெல்லையிற் சண்டை நிகழ்ந்தது, விமானத்தளங்கள் இலக்காயின. அதற்கு முன்னரே ஏப்ரலில், படைநடமாட்டங்களை நேரிற் காட்டலாகாது என்று தொலைக்காட்சிகளுக்கு அரசாங்கம் அறிவித்திருந்தது. சண்டை நின்றபின், எல்லைப்புறத்தில் படையினரும் பொதுமக்களும் சேர்ந்து பயன்படுத்தும் விமான நிலையங்களில், ஏறும்போதும் இறங்கும்போதும் 10,000 அடி உயரம் வரை பயணிகளின் சாளரத் திரைகளை மூடிவைக்க வேண்டுமென்றும் கட்டளை பிறந்தது. இவையெல்லாம் அரசாங்கத்தின் காரியம். நம் ஊரில் நடந்தது யாது?

நம் சங்கத்துக் குடும்பமொன்றின் மகன் அப்போது வடக்கே ஒரு தளத்தில் இருந்தான். நான்கு நாள் அவனிடமிருந்து அழைப்பில்லை. தாய் உண்ணவில்லை. நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் அன்பினாலேயே பலர் விசாரித்தனர். "எங்கே இருக்கிறான்?" என்று ஒருவர் கேட்டார். மற்றொருவர், கல்யாணத்தில் அவனே சொன்னதாக, தளத்தின் பெயரையும் அவன் பார்க்கும் வேலையையும் எழுதிவிட்டார். அதன்கீழ் ஒருவர், விமானத்தருகே சீருடையில் அவன் நிற்கும் படத்தை ஒட்டி, "நம் குலத்தின் சிங்கம்" என்று எழுதினார். அத்தாய் அதனைக் கண்டு நடுங்கிப்போய் நீக்கச் சொன்னபோது, அது வேறு மூன்று குழுக்களுக்குச் சென்றிருந்தது. அவற்றில் யார் யார் இருக்கின்றனர் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. பிள்ளை நலமாக இருக்கின்றான். நாலாம் நாளுக்குப் பின் பேசினான். ஆயினும் அவ்வம்மையார் என்னிடம் கேட்டது இது: "சார், எல்லாரும் பெருமையாத்தான் போட்டாங்க. ஆனா அவன் எங்க இருக்கான்னு அவன் அப்பாவுக்கே நான் சொல்லாம வச்சிருந்தேன்." இதற்கு என்ன மறுமொழி சொல்வது?

இனி, முதலிற் சொன்ன காரணத்திற்கு வருகின்றேன். நம் சங்கம் வெளியிடவிருக்கும் மலரில், படையிற் பணிபுரியும் நம் இளைஞர்களின் பட்டியல் ஒன்று சேர்க்கத் தீர்மானித்திருக்கின்றோம். நல்ல நோக்கமே. ஆனால், அதற்கென்று வீடுதோறும் கொடுத்த படிவத்தைப் பார்த்தேன். பெயர், தந்தை பெயர், படைப்பிரிவு, தற்போது இருக்கும் ஊர், பார்க்கும் வேலை, கைப்பேசி எண், சீருடைப் படம் என்று ஏழு இடங்கள் அதில் உள்ளன. "56 ஏ.பி.ஓ." என்னும் இரண்டு சொல்லால் அரசாங்கம் மறைத்து வைத்ததை நாம் ஏழு கட்டங்களிற் பிரித்து அச்சிடப் போகின்றோம். மலர் ஊரோடு நிற்பதில்லை. அச்சான அன்றே யாரேனும் படம்பிடித்து உலகெங்கும் அனுப்பிவிடுவர். பெற்ற பிள்ளையின் பெருமையை நாம் சொல்லாவிட்டால் யார் சொல்வார் என்று பெரியோர் சிலர் என்னிடம் கேட்டனர். கேள்வி நியாயமானதே, அதிலுள்ள ஆசையும் நியாயமானதே. மகன் படத்தை மலரிற் காண விரும்பும் தாயை யான் குறை கூறேன். ஆயினும், அவ்வூர் எது என்று படிப்பவர்க்குத் தெரிவதனால் மகனுடைய பெருமை ஒரு தினையளவேனும் கூடுகின்றதா என்பதனைச் செயற்குழுவினர் ஆலோசித்தல் வேண்டும். பணியிலிருப்போர்க்குப் பெயரும் தந்தை பெயரும், தரைப்படையோ கடற்படையோ விமானப்படையோ என்பதும் போதும் என்பது என் கருத்து. அவையும் அவ்விளைஞர் எழுத்தால் இசைந்த பின்னரே அச்சேறலாம். ஓய்வு பெற்றோர்க்கு, சேர்ந்த ஆண்டும் விட்ட ஆண்டும் சேர்க்கலாம். திரும்பி வந்த படிவங்கள் நம் காரியாலயத்தில் மேசைமேல் ஒரு அட்டைப்பெட்டியில் திறந்தே கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்பதனையும் இன்றே முடிவு செய்தல் நலம். இரண்டு பேர் முன்னிலையில் என்று பெரியவர் ஒரு வழி சொல்லியிருக்கின்றார்.

பெரியவரைப் பற்றியும் மலரில் அரைப்பக்கம் வரும். அதற்கொரு படம் வேண்டுமென்று காரியதரிசியவர்களும் யானும் அவர் இல்லஞ் சென்றோம். விமானத்தின் பக்கத்தில் நின்று எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டோம். 15 ஆண்டில் அப்படியொன்று எடுத்துக்கொண்டதில்லை என்றார். சீருடைப் படமேனும் உண்டா என்றோம்; அது அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது, ஊழியம் விட்ட அன்று அட்டையோடு திருப்பிக் கொடுத்தாயிற்று என்றார். கடைசியில் மனைவியார் உள்ளே சென்று பெட்டியைத் தேடி, தம் திருமணப் படத்தை எடுத்துவந்து கொடுத்தார். இருவரும் மாலையோடு நிற்கின்றனர். பின்னால் நம் ஊர் மலை தெரிகின்றது. அப்படத்தைக் காரியதரிசியவர்களிடம் ஒப்படைத்திருக்கின்றேன்.